சம்பளத்துக்கும் அட்வான்சுக்கும் நடுவில்: மடுல்சீமைப் பக்கத்து வீடுகளுக்குச் சில கணக்குகள்

சிக்கனம் என்றதும் முதலில் கறியைக் குறைப்பார்கள், பிறகு பிள்ளையின் முட்டையை. மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் காசு கரைவது பெரும்பாலும் சோற்றுத் தட்டில் இல்லை. கடனுக்கு வாங்குவதில், சின்னச் சின்னதாக வாங்குவதில், தீர்ந்து போன பிறகு அவசரத்துக்கு வாங்குவதில்தான் கரைகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்குப் பிறகு விலை ஏறும் வேகம் தணிந்ததே தவிர, பழைய விலைகள் திரும்பி வரவில்லை. ஆகவே கையில் இருக்கும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

1. விலையை ரூபாயில் மட்டும் பார்க்காமல் பேரில், அதாவது ஒரு நாள் வேலையின் சம்பளத்தில் பாருங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த நாட்சம்பளம் 1,750 ரூபா. இதில் 200 ரூபா அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவு. மீதி 1,550இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 124 ரூபா போகும். சந்தாவும் மற்றக் கழிவுகளும் போக, ஒரு பேருக்குக் கைக்கு வருவது 1,600 என்று வைத்துக்கொள்ளலாம். இனி எந்தப் பொருளை எடுத்தாலும் அது எத்தனை பேர் என்று கேளுங்கள். 400 கிராம் பால்மா பக்கெட்டு ஆயிரத்தைத் தாண்டி விற்கும்போது அது முக்கால் பேருக்குக் கிட்ட. நாளுக்கு நூறு ரூபா வெற்றிலை பாக்குக்குப் போனால் மாதத்துக்கு 3,000. கிட்டத்தட்ட இரண்டு பேர். இரண்டு நாள் அட்டைக்கடியோடு மலையேறியது அதற்குத்தானா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். தெரிந்துகொண்டு செலவழிப்பது ஒன்று, தெரியாமல் போவது வேறு.

2. மாதத்தை இரண்டாக வெட்டுங்கள். பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம், இருபத்தைந்தை ஒட்டி அட்வான்ஸ் என்பது பல தோட்டங்களின் வழக்கம். உங்கள் தோட்டத்தில் ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். சம்பளக் காசில் அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சீனி, சவர்க்காரம், பிள்ளைகளின் பஸ் காசு. அட்வான்ஸ் காசில் மரக்கறி, தேங்காய், கருவாடு, முட்டை. கெட்டுப்போகாத பொருளைச் சம்பளத்திலும் கெட்டுப்போகும் பொருளை அட்வான்சிலும் வாங்கினால், மாதக் கடைசியில் அரிசிக்காகக் கடைக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டி வராது.

3. சமையலறைச் சுவரில் ஒரு கலண்டர் மாட்டுங்கள். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு, அரைப் பேருக்குப் பாதிக் கோடு, பக்கத்தில் நிறுத்த கொழுந்தின் கிலோ. கைக்காசுக்கு எடுத்திருந்தால் அதற்கு வேறு நிற மை. சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். கணக்குப் பிசகினால் அன்றைக்கே கேட்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும் அதே கலண்டரின் பின்னால் எழுதி வையுங்கள். உங்கள் 8 வீதத்தோடு தோட்டம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் தோட்டம் 3 வீதம் போட வேண்டும். அதுவும் உங்கள் காசு.

4. கடைக் கொப்பி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கொப்பி இல்லாத லயம் கிடையாது. அது கெட்டதும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் வங்கி கதவைத் திறக்காது, கடைக்காரர் திறப்பார். ஆனால் கொப்பியில் வாங்கும்போது நாம் விலை கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். கடைக்காரர் சொன்னதை எழுதிக்கொள்கிறார். சில கடைகளில் கடனுக்கென்று ஓரிரண்டு ரூபா கூட்டியும் எழுதுவார்கள். கையில் காசு இருந்தால் எடுத்திருக்க மாட்டோம் என்று தெரிந்தும் ஒரு சோடாப் போத்தல், ஒரு பிஸ்கட் பக்கெட்டு கொப்பிக்குள் ஏறிவிடும்.

ஒரே நாளில் கொப்பியை மூட முடியாது. படிப்படியாகச் செய்யலாம். உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி போடுங்கள். கடையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் விலையோடு அதே நாளில் வீட்டில் எழுதுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும். அடுத்த மாதம் கடனுக்கு வாங்குவது மூன்று பொருள் மட்டும் என்று முடிவு செய்யுங்கள்: அரிசி, மாவு, பருப்பு. மற்றதெல்லாம் காசுக்கு, காசு இல்லாவிட்டால் வேண்டாம். சம்பளத்தன்று பழைய பாக்கியில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, மீதிக் காசோடு வேறு கடைக்கும் போய் விலை கேளுங்கள். மூன்று நான்கு சம்பளத்தில் கொப்பி பாதியாகிவிடும்.

இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியைக் கடனால் கட்டிப்போட்ட துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடைக் கொப்பியை ஒழிக்கச் சட்டம் எதுவும் வராது.

5. அரிசியும் மாவும் கூட்டாக. மூன்று வீடு சேர்ந்து மூடையாக எடுத்தால் கிலோவுக்குச் சில ரூபா குறையும். ஆனால் பசறை டவுனுக்கோ பதுளைக்கோ போய்வரும் பஸ் காசு, மூடை இருந்தால் த்ரீவீல் காசு, போனவரின் ஒரு நாள் பேர் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் இலாபம் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்காக ஒருவர் போனால் மிச்சம் எதுவும் இராது. மூன்று வீட்டுக்காக ஒருவர் போனால் இருக்கும். மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேலைக்குப் போகாத பெரியவர் நடமாட்டமாக இருந்தால் அவர் போவது நல்லது. தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமோ ஊரில் பலநோக்குக் கூட்டுறவுக் கடையோ இயங்கினால் முதலில் அங்கே விலை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

6. அரிசிக்கு உச்ச விலை உண்டு. 2024 டிசம்பரில் வெளியான வர்த்தமானியில் உள்ளூர் அரிசி கிலோ ஒன்றுக்குப் பச்சையரிசி 220, நாடு 230, சம்பா 240, கீரிச்சம்பா 260 ரூபா என்று வைத்தார்கள். இந்த விலைகள் மாறக்கூடியவை, ஆகவே புதிய அறிவித்தல் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் விலைப்பட்டியல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கூட விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பில் இல்லாமல் முறைப்பாடு நிற்காது. துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தாலும் வாங்கி வையுங்கள்.

7. சின்னப் பக்கெட்டு எப்போதும் நட்டம் என்பது பொதுவான பேச்சு. முழுதும் சரியில்லை. சீனி, பருப்பு, சவர்க்காரத்தூள் ஆகியவற்றில் பெரிய அளவு மலிவு. மிளகாய்த்தூள் 100 கிராம் பக்கெட்டாகப் பத்து வாங்குவதற்குப் பதில் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி, காயவைத்து, மில்லில் அரைத்தால் காசும் மிச்சம், கலப்படப் பயமும் இல்லை. ஷாம்பு மட்டும் பக்கெட்டிலேயே இருக்கட்டும். போத்தல் வாங்கிய வீட்டில் அது எத்தனை நாளுக்கு வந்தது என்று அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

8. மூடுபனியிடமிருந்து சாமானைக் காப்பாற்றுங்கள். பள்ளத்து ஊர்க்காரர் எழுதும் குறிப்புகளில் இது இராது. நமக்கு இதுதான் முக்கியம். மடுல்சீமையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் துணியே காயாது, மாவு எப்படி நிற்கும்? மாவுச் சாக்கைத் தரையில் வைக்காதீர்கள், இரண்டு செங்கல்லின் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தகர டின்னோ இறுக்க மூடும் வாளியோ இருந்தால் இன்னும் நல்லது. ஈரக் கையோடு அள்ளக் கூடாது. அளவுக் கோப்பை டின்னுக்குள்ளேயே கிடக்கட்டும். பருப்பையும் செத்தல் மிளகாயையும் வெயில் அடிக்கிற நாளில் காயவைத்து, ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நெத்தலியை வெறும் சட்டியில் இலேசாக வறுத்துப் போத்தலில் அடைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். உப்புக்குச் சிரட்டை அல்லது மண்சட்டி, இடம் அடுப்பு மேட்டுக்குப் பக்கத்தில். அரிசியில் வண்டு வந்தால் எறிய வேண்டாம், புடைத்து வெயிலில் பரப்புங்கள். பூஞ்சணம் பிடித்த மாவையும் நிலக்கடலையையும் மட்டும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும், அதைச் சாப்பிட்டு மருந்துக்குச் செலவழிக்கிறதில் மிச்சம் எதுவும் இல்லை.

9. தேங்காய். 2025இல் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டி விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாங்கும்போது கையில் எடுத்துப் பாரம் பாருங்கள், குலுக்கித் தண்ணீர் கேளுங்கள், கண் ஈரமாக இருந்தால் வேண்டாம். உடைத்ததில் கண்ணுள்ள பாதி சீக்கிரம் கெடும். அதை முதலில் துருவுங்கள். மற்றப் பாதியின் உட்பக்கம் உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாளைக்கு நிற்கும். பால் பிழிந்த சக்கையை எறியும் வீடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதை ரொட்டி மாவோடு பிசைந்தால் ரொட்டி மெதுவாக வரும், ரொட்டிக்கென்று தனியாகத் தேங்காய் துருவ வேண்டியதில்லை. சம்பலுக்குத் தேங்காய் பாதி, பொடியாய் அரிந்த வல்லாரை பாதி சேர்த்தால் சுவையும் குறையாது.

10. பாணா, ரொட்டியா? ஒரு இறாத்தல் பாணின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும், அரை இறாத்தல் 225. இது வர்த்தமானி விதி. இறாத்தலுக்குப் போகும் மாவு 300 கிராமுக்குள்தான். ஒரு கிலோ மாவில் சுடும் ரொட்டி மூன்று இறாத்தல் பாணுக்குக் குறையாமல் வயிறு நிரப்பும். மூன்று பாணின் விலையையும் ஒரு கிலோ மாவின் விலையையும் எழுதிப் பாருங்கள். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் ரொட்டி சுட நேரமில்லை என்பது உண்மைதான். இரவே மாவைப் பிசைந்து மூடி வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். மாவு பிசைவது ஆண்களுக்கும் வரும்.

11. பால்மா. 400 கிராம் பக்கெட்டில் கலக்கிக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று லீற்றர் பால். பக்கத்து லயத்தில் மாடு வைத்திருப்பவர் லீற்றர் என்ன விலைக்குத் தருகிறார் என்று கேட்டு மூன்றால் பெருக்குங்கள். பெரும்பாலும் பசும்பால்தான் மலிவாக வரும். விற்கிற காசும் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். காய்ச்சிக் குடிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தேநீரில் பால் கட்டாயமில்லை. தோட்டம் தரும் தூளில் நல்ல சாயம் இறங்கும், இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் போதும். மிச்சமாகும் பால் பிள்ளைகளுக்கு.

12. எதில் கைவைக்கக் கூடாது என்பதும் பட்ஜெட்டுக்குள் சேர்ந்ததுதான். 2016 குடிசன, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். ஆகவே முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை, இந்த நான்கையும் வெட்டி மிச்சம் பிடிக்காதீர்கள். வெட்டுவதானால் சீனி, பிஸ்கட், சோடா, கலர் பக்கெட்டுத் தின்பண்டம். சீனிக்கு 2023 நவம்பரிலிருந்து கிலோவுக்கு 50 ரூபா வரி வேறு இருக்கிறது. கர்ப்பிணித் தாய்க்கும் சிறுபிள்ளைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் வரும் திரிபோஷ இலவசம்; வரும் நாளைக் கேட்டு வையுங்கள், வந்ததை வீட்டுப் பெரியவர்கள் உருண்டை பிடித்துச் சாப்பிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. லயத்துக்குப் பின்னால் நாலு முழம் இடம் இருந்தால் கிள்ளக் கிள்ள வளர்வதை நடுங்கள்: பொன்னாங்காணி, வல்லாரை, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், வெங்காயத்தாள். பந்தல் போட இடமிருந்தால் சௌசௌ ஒன்று போதும், காயும் கொழுந்தும் கறிக்கு உதவும். கோவாவும் கரட்டும் வைத்து மூன்று மாதம் காத்திருப்பது சின்ன இடத்துக்குச் சரிவராது. மரவள்ளி, வற்றாளை வைத்தால் காட்டுப்பன்றிக்கு வேலி கட்டும் செலவையும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கோழி வளர்த்தால் எஞ்சிய சோறு முட்டையாகும்.

14. சந்தைக்கு மரக்கறிப் பட்டியலை எழுதிக்கொண்டு போகாதீர்கள். காசை மட்டும் முடிவு செய்துகொண்டு போய், அன்றைக்கு எது மலிவோ அதை எடுங்கள். நம் ஊவாவிலேயே வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போஞ்சி, கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு விளைந்து கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மொத்தமாகக் குவிகிறது. வரத்து கூடின வாரம் விலை சரியும், மழை விடாமல் பெய்த வாரம் ஏறும். ஏறின வாரத்தில் தக்காளிக்குப் பதில் புளி, போஞ்சிக்குப் பதில் பலாக்காய். சந்தை கலையும் நேரத்துக்குப் போனால் பேரம் நன்றாக நடக்கும்; நல்ல காய் போயிருக்கும், அழுகலைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். பையைக் கொண்டு போங்கள், 2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் பைக்கும் காசு.

15. மழைக்கு முன் இரண்டு வாரச் சாமான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலை சரிந்து வீதிகள் அடைபட்டன. வீதி அடைபட்டால் கடையில் இருப்பது தீரும், இருப்பதற்கும் விலை ஏறும். புரட்டாதி முடிவதற்குள் இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, உப்பு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, வீட்டில் யாராவது தினமும் எடுக்கும் மருந்து ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். ஒரே சம்பளத்தில் முடியாது. ஆடியிலிருந்து சம்பளந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வாங்கினால் சேர்ந்துவிடும். பழையதைச் சமைத்து அந்த இடத்தில் புதியதை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டுக்குத்தான் வளர்ப்போம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், நலன்புரிக் கடிதங்களைப் பொலித்தீனில் சுற்றி ஒரே பையில் போட்டு வாசலுக்குக் கிட்டத் தொங்க விடுங்கள். வெளியேறச் சொன்னால் அரிசியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

16. மின்சாரக் கட்டணத்தில் 60 அலகு ஓர் எல்லை. முப்பது நாளில் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டும் அல்ல, முதல் அலகிலிருந்தே கூடின விலை, நிலையான கட்டணமும் கூடும். ஆகவே நாளுக்கு இரண்டு அலகு உங்கள் அளவு. 60 வோட்ஸ் குண்டு பல்பு ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. 9 வோட்ஸ் எல்.ஈ.டி. என்றால் ஒன்றரை அலகுக்குள். ஸ்திரிக்கைப் பெட்டியைத் தினமும் சூடாக்காமல் வாரத்துக்கு ஒரே தடவையில் எல்லா யூனிபோர்மையும் தேயுங்கள். மாதக் கடைசியில் மீற்றரை எட்டிப் பாருங்கள்.

17. கவ்வாத்து நடக்கும் மலையைத் தெரிந்து வையுங்கள். அனுமதி கேட்டு, வெட்டிப் போட்ட தேயிலை மிலாறை விறகுக்குக் கட்டிக் கொண்டுவந்து, வெயில் காலத்திலேயே அடுக்குங்கள். ஈர விறகு இரண்டு மடங்கு எரியும், கண்ணும் எரியும். பருப்பையும் கடலையையும் காலையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயந்தரம் பாதி விறகில் வேகும்.

18. சீட்டுப் போடுங்கள், ஆனால் தெரிந்த பத்துப் பேரோடு, எழுதி வைத்து. ஆளுக்கு 2,000 போட்டால் மாதத்துக்கு ஒருவருக்கு 20,000. ஜனவரியில் பள்ளிச் செலவு வரும் வீடு மார்கழிச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு 10,000 வாங்கினால், பத்து மாதத்தில் வட்டியே 10,000 போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். தீபாவளி முற்பணத்துக்கு வட்டி இல்லை என்றாலும் அடுத்து வரும் மாதங்களில் பிடிப்பார்கள். கொழுந்து குறைந்து அரைப் பேர் விழும் வறண்ட மாதத்தில் அந்தப் பிடிப்புப் பாரமாகத் தெரியும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் காசைக் கடைக் கணக்கில் போடாதீர்கள். தபாற் கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கு திறந்து அதில் போடலாம், பதுளைக்கு அலைய வேண்டியதில்லை.

19. அஸ்வெசும நலன்புரிக் காசு கிடைக்கும் வீடுகள் அதைக் கடைக் கொப்பிக்கு அடகு வைக்க வேண்டாம். 2025 முதல் வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் காசில் முதலில் பருப்பும் முட்டையும். தகுதியிருந்தும் பெயர் வராத வீடு பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு கேட்கலாம். போகிற அன்று ஒரு பேர் போகும் என்பதால், லயத்தில் அப்படி நாலு வீடு இருந்தால் எல்லாருடைய கடதாசியையும் சரிபார்த்துக்கொண்டு ஒரே நாளில் போங்கள், எழுதத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு.